மாற்றிய கண்ணும் நாலு நாள் சிவப்பும்

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 63. வடமராட்சியில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். நாலு வருடத்துக்கு முதல் வேலி அடைக்கும்போது கருக்கு மட்டை வலது கண்ணில் கீறிவிட்டது. பங்கசுப் புண் என்று சொல்லி நீண்ட நாள் வைத்தியம் செய்தார்கள். புண் ஆறியது, ஆனால் கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விட்டது. மூன்று வருடத்துக்கு முதல் கொழும்பில் கோர்னியாவை, அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலத்தை, மாற்றினார்கள். கண்ணாடி போட்டால் பேப்பர் வாசிக்கும் அளவுக்குப் பார்வை வந்தது. போன முறை கிளினிக்கில் கண் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள். ஸ்டீரொயிட் மருந்தால்தான் அழுத்தம் கூடும் என்று யாரோ சொல்ல, அப்பா ஒன்றரை மாதமாக மருந்தை நிறுத்திவிட்டார். இடையில் நாலு நாள் கண் சிவந்தது, பிறகு தானாகச் சரியாகிவிட்டது. என் மச்சானுக்குக் கோர்னியா கூம்பு மாதிரி நீண்டு வரும் வருத்தம் இருந்தது. அவருக்கும் எட்டு வருடத்துக்கு முதல் மாற்றினார்கள். இப்போது ஒரு மருந்தும் இல்லை, கண் நன்றாக இருக்கிறது. அப்பாவுக்குக் கிடைத்தது 70 வயதுக்காரரின் கண் என்று கேள்விப்பட்டோம். அதனால் கெதியாகப் பழுதாகுமா? எத்தனை வருடம் தாங்கும்? பழுதானால் திரும்ப மாற்றலாமா?

ஒரு மகள், கரவெட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல், ஒரே வரியில் தாண்டிப் போன அந்த நாலு நாள் சிவப்பில்தான் என் மனம் நின்றுவிட்டது. முதலில் அதைக் கதைப்போம்.

அப்பாவை நாளைக்கே கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த திகதி எப்போது என்று கொப்பியில் பார்க்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வந்து, "கோர்னியா மாற்றிய கண், மருந்தை நிறுத்தி ஒன்றரை மாதம், இடையில் சிவந்தது" என்று சொல்லுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தக் கண் வைத்தியரும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்.

இதை வாசித்துப் பயந்து, அலுமாரியில் கிடக்கும் பழைய போத்தலை எடுத்து இன்றிரவே விடவும் வேண்டாம். சிவப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அப்பாவின் உடல் அந்தக் கோர்னியாவை ஏற்க மறுக்கத் தொடங்கியிருக்கலாம். தையல் ஒன்று தளர்ந்திருக்கலாம். பழைய பங்கசு திரும்ப எட்டிப் பார்த்திருக்கலாம். முதலாவது காரணம் என்றால் உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொயிட்தான் கண்ணைக் காப்பாற்றும். கடைசிக் காரணம் என்றால் அதே ஸ்டீரொயிட் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினது மாதிரி. கிளினிக்கில் இருக்கும் கண் பரிசோதனை விளக்கில் வைத்துப் பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு, திறந்து ஒரு மாதம் கடந்த போத்தலில் கிருமி சேர்ந்திருக்கலாம். அதை எந்தக் கண்ணுக்கும் விடக்கூடாது.

"தானாகச் சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். சிவப்புப் போயிருக்கும், சரி. அந்த நாலு நாளில் உள்ளே என்ன குறைந்தது என்பது வெளியே தெரியாது. அதை விளக்க வேண்டும், ஏனென்றால் எத்தனை வருடம் தாங்கும் என்ற உங்கள் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

கோர்னியா என்பது நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு சன்னல். அதன் உட்பக்கத்தில் ஒற்றை வரிசையாகக் கலங்கள் ஒட்டியிருக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீர் ஓயாமல் கோர்னியாவுக்குள் ஊறும். இந்தக் கலங்கள் ஓயாமல் அதை இறைத்து வெளியே விடும். அப்பாவுக்குச் சொன்னால் உடனே விளங்கும்: மாரியில் வெங்காயப் பாத்தியில் நிற்கிற வெள்ளத்தை இறைக்காவிட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். இறைப்பு நின்றால் கோர்னியா நீர் கோத்து, வீங்கி, பனிமூட்டமாகிவிடும்.

பிறக்கும்போது ஒரு சதுர மில்லிமீற்றரில் இந்தக் கலங்கள் 3000க்கு மேல் இருக்கும். வளர்ந்தவர்களில் 2500 அளவில். ஒன்று இறந்தால் அதற்குப் பதிலாகப் புதிது பிறக்காது. பக்கத்தில் இருப்பது விரிந்து அந்த இடத்தை மூடும், அவ்வளவுதான். எண்ணிக்கை 500 அளவுக்கு இறங்கினால் இறைப்புப் போதாமல் போகலாம். சாதாரணக் கண்ணில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இவை குறையும். மாற்றிய கோர்னியாவில் அதைவிட வேகமாகக் குறையும், முக்கியமாக முதல் வருடங்களில். உடல் மறுத்து ஒரு தாக்குதல் நடந்தால், அது ஒரே மூச்சில் ஒரு பங்கை அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு சிவப்பு ஆறலாம், போன கலங்கள் திரும்ப வராது.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். காலையில் எழும்பும்போது அந்தக் கண் மங்கலாக இருந்து, பத்துப் பதினொரு மணிக்குத் தெளிகிறதா? இரவில் இமை மூடியிருப்பதால் கோர்னியாவில் நீர் சேரும். கலங்கள் போதுமான அளவு இருந்தால் எழும்பிய சிறிது நேரத்தில் அது வடிந்துவிடும். மத்தியானம் வரை இழுபட்டால், இறைப்பு தளர்ந்து வருகிறது என்று அர்த்தம். "ஓம்" என்று சொன்னால் அதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முதல் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். கோர்னியா மாற்றி ஐந்து வருடம். நல்லூரில் கொடியேறி ஒரு கிழமையில் கண் சிவந்து வெளிச்சம் கூசத் தொடங்கியிருக்கிறது. தேரும் தீர்த்தமும் முடியட்டும் என்று பொறுத்துவிட்டார். விளக்கில் வைத்துப் பார்த்தேன். கோர்னியாவின் உட்பக்கத்தில், கீழ் விளிம்பில் தொடங்கிக் கிட்டத்தட்ட நடுப்பகுதி வரை ஏறி வந்த மெல்லிய வெள்ளைக் கோடு. உடலின் வெள்ளைக் கலங்கள் வரிசையாக நின்று, கொடையாக வந்த கலங்களை அழித்தபடி மேலே ஏறும் கோடு அது. கோட்டுக்குக் கீழே கலங்கல், மேலே இன்னும் கண்ணாடி மாதிரித் தெளிவு. இதை விவரித்த ஈரானியக் கண் வைத்தியர் கோடாடூஸ்ட்டின் பெயரால்தான் அந்தக் கோட்டை இன்றும் அழைக்கிறோம். மணிக்கொரு தரம் மருந்து விட்டோம். கோடு நின்றது. ஆனால் கீழ்ப்பாதி பழையபடி தெளியவே இல்லை. முதல் நாளே வந்திருந்தால் விளிம்பிலேயே மறித்திருக்கலாம். அதற்கு முந்திய கிளினிக்கில் நான் அவரைப் பார்த்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேனே தவிர, சிவந்தால் உடனே வர வேண்டும் என்று திரும்பச் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகு, இருபது வருடம் கழிந்த கண்ணாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

சிவப்பு, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்குதல், நோவு. மாற்றிய கண்ணில் இந்த நாலில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த நாளுக்குள் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாலும் சேரும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதல் இரண்டு வருடத்தில்தான் இது கூடுதலாக வரும் என்றாலும், பல வருடம் கழித்தும் வரும். கெதியாகப் பிடித்தால் பாதிக்கு மேற்பட்டவர்களில் இதை அடக்கிவிடலாம். ஒரு கஷ்டம் என்னவென்றால், மற்றக் கண் நன்றாக இருப்பவர்களுக்கு மங்குவது தெரியாது. நல்ல கண் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால் அப்பா ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கண்ணாடியைப் போட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் தொங்கும் கலண்டரில் திகதியைப் பார்க்கட்டும். அதே கதிரை, அதே தூரம். நேற்றுத் தெரிந்த சின்ன எழுத்து இன்று தெரியாவிட்டால் அதுவே போதும் பஸ் ஏற.

இனி மச்சானின் கதை. அவரும் அப்பாவும் செய்தது ஒரே சத்திரசிகிச்சை மாதிரித் தெரியும், ஆனால் இரண்டு பேருடைய கண்ணும் வேறு வேறு நிலம். கோர்னியாவில் இரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் உடலின் காவற்படைக்கு அங்கே அந்நியர் ஒருவர் வந்து குடியேறியது பெரும்பாலும் தெரிவதில்லை. சிறுநீரகம் மாற்றினவர்களைப் போல வாழ்நாள் முழுக்க மாத்திரை போடாமல் இவர்கள் தப்புவதும் அதனால்தான். கூம்பாகும் வருத்தத்தில் கோர்னியா மெலியுமே தவிர, குழாய் வளராது. சுற்றியுள்ள பகுதி சுத்தமாக இருக்கும். அப்படியான கண்களில் பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேர் அளவில் தெளிவாக இருக்கிறார்கள். அதோடு, அவருக்கு முன்பக்கத்தை மட்டும் மாற்றி, உள்ளே இருக்கும் அவருடைய சொந்தக் கலங்களை விட்டுவைத்திருக்கவும் கூடும். அப்படியென்றால் அந்த வெள்ளைக் கோடு வருவதற்கே இடமில்லை.

அப்பாவின் கண்ணில் புண் வந்தது, அழற்சி வந்தது. அது ஆறும்போது விளிம்பில் இருந்து இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்திருக்கும். ஒரு தடவை பாதை திறந்தால் காவற்படைக்கும் அதே பாதைதான். கோர்னியாவின் நாலு பக்கத்தில் இரண்டிலோ அதற்கு மேலோ குழாய் ஓடியிருந்தால், மறுக்கும் ஆபத்துக் கூடிய கண் என்று கணக்கெடுப்போம். இப்படியானவர்களுக்கு ஒரு துளி மருந்தையாவது நீண்ட காலம், சில வேளைகளில் ஆயுள் முழுக்க, விடச் சொல்வோம். மச்சான் நிறுத்தினது அவருக்குச் சரி. அப்பாவுக்கு அது பொருந்தாது.

ஒரு கண்ணை வைத்து இன்னொரு கண்ணைக் கணிக்க முடியாது என்பதற்கு இந்தச் சிகிச்சையின் முதல் வெற்றியே சாட்சி. 1905 டிசம்பர் 7ஆம் திகதி, இன்றைய செக் குடியரசில் உள்ள ஒலமோட்சு நகரில், எட்வார்ட் சிர்ம் என்ற வைத்தியர் ஒரு கூலித் தொழிலாளியின் இரண்டு கண்ணிலும் கோர்னியா மாற்றினார். சுண்ணாம்பு பட்டு வெந்த கண்கள் அவை. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கொடையாளி. ஒரு கண் பழுதானது, மற்றது தெளிவாக நின்றது. சுண்ணாம்பு என்று சொன்னபடியால் ஒரு வார்த்தை: கல்லும் சுண்ணாம்பும் நிறைந்த ஊர் நம்முடையது. வெற்றிலைச் சுண்ணாம்போ, கட்டட வேலைச் சுண்ணாம்போ கண்ணில் பட்டால், ஒட்டோ பிடிக்க முதல், கிணற்றடியிலோ பைப்பிலோ அரை மணித்தியாலம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கோர்னியாவின் விளிம்பில் இருந்து அதன் மேற்தோலைப் புதுப்பிக்கும் மூலக் கலங்கள் வெந்துவிட்டால், எவ்வளவு நல்ல கோர்னியாவைக் கொண்டுவந்து தைத்தாலும் அது நிற்பது கஷ்டம்.

70 வயதுக் கண் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1090 பேரைப் பின்தொடர்ந்து இதையே ஆராய்ந்தார்கள். அவர்கள் உட்பக்கக் கலங்கள் பழுதாகி மாற்றிக்கொண்டவர்கள். 65 வயது வரையானவர்களின் கோர்னியா பொருத்தியவர்களிலும், 66 முதல் 75 வயதானவர்களின் கோர்னியா பொருத்தியவர்களிலும், ஐந்து வருட முடிவில் நூற்றுக்கு 86 பேருக்குக் கண் தெளிவாக இருந்தது. பத்து வருடத்தில் 77, 71 என்று சிறிய வித்தியாசம் வந்தது. கண் வங்கியில் வயதைவிடக் கலங்களின் எண்ணிக்கையையே கூடுதலாகப் பார்ப்பார்கள். இரத்த வகை பொருந்த வேண்டும் என்பதும் வழமையில் இல்லை. அந்த 70 வயதுக்காரரின் வீட்டார், சாவீட்டு அழுகைக்கு நடுவில் கண்ணைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார்; 1964இல் சிங்கப்பூருக்கு முதல் கண்கள் போனதில் இருந்து, இந்த நாடு வெளிநாடுகளுக்கும் கண் கொடுத்து வருகிறது. அப்பாவுக்குக் கிடைத்தது குறைந்த பொருள் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

கண் அழுத்தம் பற்றி யாரோ சொன்னதில் பாதி உண்மை. ஸ்டீரொயிட் துளி சிலருக்கு அழுத்தத்தைக் கூட்டும். மாற்றிய கண்ணில் நீர் வடியும் மூலை ஒட்டிக்கொண்டு அழுத்தம் ஏறுவதும் உண்டு. அப்படி ஏறுவதை லேசாக எடுக்க முடியாது. அது கோர்னியாவின் கலங்களையும் தின்னும், பின்னால் இருக்கும் பார்வை நரம்பையும் தின்னும். கோர்னியாவை இன்னொரு தரம் மாற்றலாம், நரம்பை மாற்ற முடியாது. ஆனால் இதற்கு வழி மருந்தைத் தானாக நிறுத்துவது இல்லை. அழுத்தம் குறைவாக ஏறும் மென்மையான ஸ்டீரொயிட்டுக்கு மாற்றலாம், புளோரோமெத்தலோன் மாதிரி. அழுத்தத்தைக் குறைக்கும் துளியைக் கூடவே தரலாம். டிமோலோல் எழுதித் தந்தால், அப்பாவுக்குத் தொய்வு இருந்தால் அதை முதலே சொல்லிவிடுங்கள். கண்ணில் விடும் துளியும் நெஞ்சை இறுக்கும். மாற்றிய கோர்னியாவின் தடிப்பும் வளைவும் வேறு என்பதால் அழுத்தக் கருவி சில வேளை பிழையாகக் காட்டும். ஒரு தரம் கூடிய எண்ணை வைத்து வீட்டில் முடிவெடுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்து விடும் விதத்தையும் ஒரு தரம் பாருங்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் போத்தலில் மருந்து அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் மேலே இருக்கும் தண்ணீர்தான் கண்ணில் விழும். பல மாதம் அப்படியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குலுக்கி, கீழ் இமையை இழுத்து ஒரு துளி. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் விரலால் அமர்த்த வேண்டும். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

தையலை மறக்கக் கூடாது. தலைமயிரைவிட மெல்லிய நைலோன் தையல், வழமையில் 16 அளவில் போடுவோம். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம், சிலருக்கு விட்டும் வைப்போம். மூன்று வருடத்தில் ஒன்று அறுந்தோ தளர்ந்தோ நிற்பது சாதாரணம். மண் விழுந்தது மாதிரி உறுத்தும். அந்த நுனியில் கிருமி ஏறும், குழாயும் அதைத் தேடி வளரும். எடுப்பது இரண்டு நிமிட வேலை.

தோட்டத்துக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா போவார் என்று தெரியும். போகட்டும். முழுத் தடிப்பையும் வெட்டி மாற்றிய கோர்னியாவின் விளிம்பு ஒருநாளும் பழைய பலத்துக்கு வராது. பத்து வருடம் கழித்தும் ஓர் அடி பட்டால் பிரிந்துவிடும். மாட்டுக் கொம்பு, மண்வெட்டிப் பிடி, துள்ளி வரும் மட்டை, எதுவும் போதும். வேலி அடைப்பை வேறு ஆளிடம் கொடுங்கள். மற்ற வேலைக்கு, இலகுவில் உடையாத பொலிகார்பனேற் கண்ணாடி, பக்கம் மூடினது. மருந்து அடிக்கும் நாளில் அவர் தோட்டத்துக்குள் நிற்க வேண்டாம். கீரிமலைக் கேணியில் முழுகுவதையும் விட வேண்டும், ஆடி அமாவாசைக்கு என்றாலும் கரையில் இருந்து தலையில் படாமல் வாளியால் வார்க்கட்டும். சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும் கண் மருந்துதான், கோர்னியாவின் மேற்தோல் ஆறுவது அதில் தங்கியிருக்கிறது.

எத்தனை வருடம்? ஒரு வருடக் கணக்கை எழுதி உங்கள் கையில் தர என்னால் முடியாது. பூ விழுந்து, பங்கசு வந்து போன, அழுத்தமும் ஏறிய கண், மச்சானின் கண்ணைவிடக் கஷ்டமான கண்தான். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மூன்று வருடம் தெளிவாக நின்றிருக்கிறது. முதல் வருடங்களின் கண்டத்தைத் தாண்டிய கண் அது. குழாய் எவ்வளவு ஓடியிருக்கிறது, அழுத்தம் அடங்குகிறதா, சிவந்த உடனே வருவாரா என்ற மூன்றும்தான் மிச்சத்தைத் தீர்மானிக்கும். முதலாவது நம் கையில் பெரிதாக இல்லை. மற்ற இரண்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

பழுதானால் திரும்ப மாற்றலாம். இரண்டாவது தரம் ஆபத்து முதலாவதைவிடக் கூட, மூன்றாவது அதைவிடக் கூட. உட்பக்கக் கலங்கள் மட்டும் பழுதாகி மற்றதெல்லாம் தெளிவாக இருந்தால், முழுவதையும் வெட்டாமல் உள் அடுக்கை மட்டும் புதிதாக ஒட்டும் முறையும் இருக்கிறது. அதைப் பற்றி யோசிக்க இன்னும் காலம் வரவில்லை.

நாளைக்கு நெல்லியடியில் பஸ் ஏறும்போது கிளினிக் கொப்பியோடு வீட்டில் இருக்கும் கண் மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும், முடிந்தது, முடியாதது என்று பார்க்காமல், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எது, எத்தனை தரம், எப்போது நிறுத்தினது என்று அப்பாவே சொல்லட்டும், யாரும் ஏசாமல். வைத்தியர் பார்த்து முடிந்ததும் கண் அழுத்தத்தையும் கோர்னியாவின் தடிப்பையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்ணையும், சிவப்புக்கு அவர் சொன்ன காரணத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.